பதினோரு பாகற்காயும் பத்து கிலோ அரிசியும்

தேதியை மாற்ற முடியாது என்று இயக்குநர் டாக்டர் அக்பாயானி சொன்னதற்குக் காரணம் மழை இல்லை, உழவர்களின் வசதியும் இல்லை. பிளக்ஸ் பேனர் அச்சாகி வந்துவிட்டது. அவ்வளவுதான்.

"ரெண்டே ரெண்டு வாரம் சார்," என்று கெஞ்சினேன். "வயல் விழாவ ரெண்டு வாரம் தள்ளி வைங்க. என் பாகல் பழுத்துரும். அப்புறம் நீங்க மாகாணத்தையே கூட்டிட்டு வாங்க, நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

"நிடா, பேனர்ல தேதி போட்டாச்சு. மேயர் படம் ஆறடிக்குப் போட்டாச்சு. இனி அத யார் திருத்துறது?"

மேயரின் முகம் ஆறடிக்கு இருந்தது. காய்கறி கீழ் மூலையில் ஒரு சாண். அந்த ஒரு சாணிலும் காரட். எங்கள் நிலையத்தில் காரட் விளைந்ததே இல்லை. இந்தச் சூட்டில் விளையவும் விளையாது. இருபத்தாறு வருஷம் இந்த ஆராய்ச்சி நிலையத்து மண்ணில் உழன்றவள் நான். காரட்டைப் பற்றி வாயைத் திறந்தால் பேனரை மறுபடி அடிக்கச் செலவு யார் தருவது என்பார்கள். அதனால் மூடிக்கொண்டேன்.

பதினாலாம் பாத்தியைப் பற்றி மட்டும் என்னால் மூடிக்கொள்ள முடியவில்லை.

எங்கள் பக்கம் பாகலுக்கு ஒரு நோய் வந்து எட்டு வருஷம் ஆகிறது. இலை சுருங்கும், மஞ்சளாகும், பிஞ்சு விடுவதற்குள் கொடி சோர்ந்து தொங்கும். பாகல் இல்லாமல் எங்கள் காய்கறிக் கூட்டான பினக்பெட்டைச் சமைக்க முடியாது. பினக்பெட் இல்லாவிட்டால் எங்கள் இலோக்கானோ மக்களின் வீட்டில் சோற்றுத் தட்டு முன்னால் உட்கார்ந்து என்ன செய்வது? ஆறு வருஷம் ஒட்டிப் பார்த்து, கலந்து பார்த்து, பொறுக்கிப் பார்த்து, கடைசியில் ஒரு வரிசை நின்றது. சுற்றிலும் எல்லாக் கொடியும் படுத்துக் கிடக்க, அது மட்டும் பச்சையாக நின்றது. போன வருஷம் புயலில் விதை அறைக்குள் இடுப்பளவு தண்ணீர். விதை டப்பா மிதந்தது. தப்பியவை ஒன்பது விதை. முளைத்துப் பதினாலாம் பாத்தியில் பந்தல் ஏறியவை நாலு கொடி.

அந்த நாலு கொடியில் விடியற்காலையில் நானே கையால் மகரந்தம் தொட்டு வைத்துப் பிடித்தவை பதினோரு காய். ஒவ்வொன்றின் காம்பிலும் சிவப்புக் கம்பளி நூலை இரட்டை முடிச்சாகக் கட்டியிருந்தேன். விதைக்காய், பறிக்காதே என்று அர்த்தம். விழாவன்று அவற்றுக்குப் பன்னிரண்டு நாள் வயசு. கறிக்குச் சரியான பருவம், விதைக்கு ஆகாத பருவம். இன்னும் இரண்டு வாரம் கொடியிலேயே தொங்கி, செம்மஞ்சளாகி, வெடிக்க வேண்டும். அதுவரை உள்ளே இருப்பது வெறும் வெள்ளைச் சவ்வு. உலகத்தில் வேறு எங்கேயும் அந்த விதை ஒன்றுகூடக் கிடையாது.

சுற்றிலும் கயிறு கட்டி, 'பறிக்காதீர்' என்று ஒரு பலகையும் நட்டிருந்தேன். முந்தின நாள் சாயங்காலம் டாக்டர் அக்பாயானி வந்து பார்த்தார்.

"இத எடுத்துரு நிடா. மேயர் இங்கதான் நின்னு படம் எடுத்துக்குவாரு. பின்னாடி 'பறிக்காதீர்'னு இருந்தா நல்லாவா இருக்கும்?"

எடுத்தேன். கயிற்றையும் சேர்த்துத்தான்.

விழாவன்று ஏழு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். உழவர்கள் ஏழுக்கே வந்துவிட்டார்கள். ஐந்து ஜீப்னி வண்டி, ஒரு லாரி, கணக்கில்லாமல் டிரைசைக்கிள். எல்லோர் கையிலும் காலிச் சாக்கு. வயல் விழாவுக்கு வந்து வெறுங்கையோடு திரும்பினால் வீட்டில் என்ன மரியாதை? முடிவில் மீதிக் காயை எல்லாம் பங்கு வைத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம்தான். முடிவில்.

எட்டரைக்கு நகராட்சி அலுவலகத்திலிருந்து டொன்டொன் வந்து இறங்கினான். கல்யாணம், ஞானஸ்நானம், ரத்ததான முகாம், எதுவானாலும் மைக் அவன் கையில்தான். பளபள மஞ்சள் சட்டை, தலையில் அரைக் கிலோ ஜெல். பந்தல்களை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பதினாலாம் பாத்தியில் வந்து நின்றான். நான் அங்கே குனிந்து, மேயரின் காலணியில் சேறு படக் கூடாது என்று உமி கொட்டிக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வருஷ அனுபவத்துக்கு இந்த வேலை.

"மேடம், இந்தச் சிவப்பு நூல் சூப்பரா இருக்கே. எதுக்கு இது?"

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அழகுக்கு," என்றேன்.

"அட, நல்ல ஐடியா மேடம்!"

போய்விட்டான். நான் உமியைக் கொட்டிக்கொண்டே இருந்தேன். அந்த ஒரு சொல்லைத் திரும்ப விழுங்க என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

ஒன்பது மணிக்குப் பிரார்த்தனை. பிறகு தேசிய கீதம், மாகாண கீதம், நிலையத்தின் பாட்டு. பிறகு வந்திருக்கும் பிரமுகர்களின் அறிமுகம். வராத பிரமுகர்களின் அறிமுகம். நகராட்சிப் பெண்களின் நடனம். மேயரை மட்டும் காணோம். அவர் ரிப்பன் வெட்டாமல் வயலுக்குள் யாரும் காலை வைக்கக் கூடாது. முந்நூறு பேர் கூடாரத்துக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இருபதடி தூரத்தில் தொங்கும் காய்களைப் பார்த்து வேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் வரிசையில் ஒரு பெண். அறுபது வயசிருக்கும், பனையோலைத் தொப்பி, ஆண்பிள்ளைச் சட்டை. மானங் பசிலியா என்று பக்கத்தில் இருந்தவர்கள் கூப்பிட்டார்கள். எல்லோருக்கும் அவர் அக்காதான் போலிருக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் நான் போகும்போதெல்லாம் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"மேடம், அந்த நோய் வராத பாகல் எது? பதினாலாம் பாத்தியாமே?"

"ஆமா மானங். ரிப்பன் வெட்டுனதும் காட்டுறேன்."

"என் கொடி மூணு வருஷமாப் படுத்துக் கெடக்கு. அதப் பாக்கத்தான் ரெண்டு வண்டி மாறி வந்தேன். எட்டி ஒரு பார்வ பாத்துட்டு வந்துரட்டுமா?"

"ரிப்பன் வெட்டட்டும் மானங்."

"எப்ப வெட்டுவாங்க?"

"மேயர் வந்ததும்."

"மேயர் எப்ப வருவாரு?"

நான்காவது தடவை அவர் கேட்டபோது, "மேயரத்தான் கேக்கணும், நான் என்ன அவரு பொண்டாட்டியா?" என்று சொல்லிவிட்டேன். அந்த வரிசை முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. என் கையை விட்டுவிட்டார்.

பத்தேகால் மணி. மேயர் வழியில் ஒரு சவ அடக்கத்தில் இருக்கிறார் என்று தகவல் வந்தது. டொன்டொன் முகம் வெளுத்தது. பாட்டு தீர்ந்தது, நடனம் தீர்ந்தது, கைவசம் இருந்த எல்லாச் சிரிப்புத் துணுக்கும் தீர்ந்தது. அப்படித் தீர்ந்தால் எங்கள் ஊரில் எந்த மைக்குக்காரனுக்கும் கடைசியாக ஒரு வழி இருக்கிறது: 'கொண்டு வா' விளையாட்டு. மேடையிலிருந்து ஒரு பொருளின் பெயரைக் கத்துவான். யார் முதலில் கொண்டுவந்து கொடுக்கிறார்களோ அவர்களுக்குப் பரிசு.

"கொண்டு வாங்க... ஓட்ட விழுந்த செருப்பு!"

பத்துச் செருப்பு பறந்து வந்தது. ஒரு சோப்பு பரிசு.

"கொண்டு வாங்க... ஒரு நரை முடி!"

ஒருத்தி தன் புருஷன் தலையிலிருந்து பிடுங்கினாள், அவர் அலறினார். சர்க்கரைப் பொட்டலம் பரிசு. எனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது, ஒப்புக்கொள்கிறேன். நான் சமையல் கூடாரத்தில் பினக்பெட்டுக்குக் கத்திரிக்காய் போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப பெரிய பரிசு! பத்து கிலோ அரிசி!" டொன்டொன் மூட்டையைத் தலைக்கு மேல் தூக்கினான். "ரெடியா? கொண்டு வாங்க... சிவப்பு நூல்! அங்க, பதினாலாம் பாத்தியில தொங்குது!"

என் கையில் இருந்த கத்திரிக்காய்க் கூடை எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியாது.

"வேணாம்! வேணாம்!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். யார் காதில் விழும்? நாற்காலிகள் சரிந்தன. மூன்று மணி நேரமாகக் கட்டிப்போட்ட முந்நூறு பேரை ஒரே சொல்லில் அவிழ்த்து விட்டிருக்கிறான். மேயருக்காகக் கட்டிய ரிப்பனைக் காலால் மிதித்துக்கொண்டு போனார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் மூங்கில் பந்தல் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. இரட்டை முடிச்சை அவிழ்க்க யாருக்கு நேரம்? காயோடு பிய்த்தார்கள். சிலர் கொடியோடு பிய்த்தார்கள். என் உமி எல்லாம் நாலா பக்கமும் பறந்தது.

"விதைக்காய்டா அது! பாவிகளா, விதைக்காய்!"

ஒரு வாலிபன் என்னைச் சுற்றிக்கொண்டு மேடைக்குப் பறந்தான். மூட்டை அவனுக்கு. பின்னாலேயே மற்றவர்களும் காயைத் தூக்கிக் காட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, மேடை ஓரத்தில் வைத்துவிட்டுத் திரும்பினார்கள். கூட்டம் கலைந்த பிறகு, சாய்ந்த பந்தலின் மறு கோடியிலிருந்து ஒரு ஆள் குனிந்து வெளியே வந்தார். பனையோலைத் தொப்பி. மானங் பசிலியா. கடைசி ஆள். விரலிடுக்கில் சிவப்பு நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

என் கோபம் எல்லாம் அந்த நூலைக் கண்டதும் ஒரே இடத்தில் போய் நின்றது.

"நீங்களுமா? நோய் வராத பாகல் வேணும்னு காலைலேர்ந்து என் உயிர வாங்குனீங்களே! பத்து கிலோ அரிசிக்காக அத அடியோட பிய்ச்சு எறிஞ்சுட்டீங்க. இனி எங்கேர்ந்து வரும் விதை? சொல்லுங்க! திருடி! எல்லாம் திருட்டுக் கும்பல்!"

சுற்றி நின்றவர்கள் தலை குனிந்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்து, பிறகு வேண்டாம் என்று மூடிக்கொண்டார். நூலைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு லாரி நின்ற பக்கம் போனார்.

நான் மேடைக்குப் போய் டொன்டொனின் மஞ்சள் சட்டையைப் பிடித்தேன். "உனக்கு அறிவு இருக்கா? ஆறு வருஷ வேலைடா அது!"

அவனுக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. "மேடம், எனக்கு எப்படித் தெரியும்? உங்களத்தான கேட்டேன். அழகுக்குன்னு சொன்னீங்களே."

சட்டையை விட்டேன்.

பதினொன்றே முக்காலுக்கு மேயர் வந்தார். மிதிபட்ட ரிப்பனைத் துடைத்து மறுபடி கட்டியிருந்தார்கள்; வெட்டினார். ஆறு நிமிஷம் பேசினார். அதில் நாலு நிமிஷம் பாலம் கட்டுவது பற்றி. டாக்டர் அக்பாயானி அவரைப் பதினாலாம் பாத்திக்கு அழைத்துவந்து, சாய்ந்த பந்தல் முன்னால் நிறுத்தி, "இதுதான் எங்க பெருமைக்குரிய ரகம்," என்றார். மேயர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "புயல்ல நல்லாத் தாங்கியிருக்கே," என்றார். படம் எடுத்துக்கொண்டார்கள்.

சாப்பாட்டில் பினக்பெட். மீன் விழுது மணக்க மணக்கப் பெரிய தட்டில் வந்தது. மேயர் ஒரு வாய் வைத்துவிட்டு, "பாகல் என்ன பதம்! கசப்பு அளவா இருக்கு," என்று சமையல்காரியைப் பாராட்டினார். மேடை ஓரத்தில் கிடந்த காய்களை யாரோ பொறுக்கிக்கொண்டுபோய்ச் சமையல் கூடாரத்தில் கொடுத்திருக்கிறார்கள். அவளும் நல்ல இளங்காயாக இருக்கிறதே என்று நறுக்கிப் போட்டிருக்கிறாள். எத்தனை காய் என்று கேட்டேன். பத்து என்றாள். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனேன்.

பந்தலைச் சீராக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு போனேன். உண்மையில் அழத்தான் போனேன். அழுதுகொண்டே மூங்கிலை நிமிர்த்தினேன். மூன்று கொடி வேரோடு வந்துவிட்டது. நாலாவது, மறு கோடியில் இருந்தது, நசுங்காமல் நின்றது. எல்லோரும் முன்பக்கமாகவே பாய்ந்ததால் அது பிழைத்திருக்கிறது. நன்றாக இருந்து என்ன, காய் போய்விட்டதே என்று இலையை விலக்கினேன்.

காய் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு கீறல் இல்லை. காம்பில் மட்டும் நூல் இல்லை. நூல் கட்டியிருந்த இடத்தில், நான் இறுக்கிய இறுக்கத்தில், ஒரு மெல்லிய பள்ளம் தெரிந்தது. யாரோ பொறுமையாக, காம்பை ஒடிக்காமல், இரட்டை முடிச்சை நகத்தால் அவிழ்த்திருக்கிறார்கள். அவிழ்த்துவிட்டு அந்தக் காய் வெளியில் தெரியாதபடி இரண்டு பெரிய இலையை இழுத்து மேலே மூடியிருக்கிறார்கள்.

சமையல்காரி சொன்ன பத்து அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடைசியாக வெளியே வந்தவர் யார் என்பதும்.

நான் யாரைத் திருடி என்று ஊர் முன்னால் கத்தினேனோ, அவர் ஏறிய லாரி அப்போது வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. ஓடினேன். ஐம்பத்திரண்டு வயசில் ஒரே நாளில் இரண்டு ஓட்டம். லாரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். சாக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். சாக்கு காலி. பங்கு வாங்கக்கூட அவர் வரவில்லை.

"மானங்... அந்தக் காய்... நீங்க பறிக்கல."

"நூல் கட்டுன காய எவளாவது பறிப்பாளா?" என்றார், என்னைப் பார்க்காமலே. "எங்க வீட்ல துணிக் கிழிசல் கட்டுவோம், நீங்க கம்பளி கட்டியிருக்கீங்க. அவ்ளோதான். அந்தப் பய கேட்டது நூல். நூலத்தான எடுத்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே மானங்."

"எங்க சொல்ல விட்டீங்க மேடம்? உங்க வாய்க்கு நடுவுல என் வாய எங்க நுழைக்கிறது?"

லாரியில் இருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். இவர்கள் முன்னால்தான் கத்தினேன், இவர்கள் முன்னால்தான் சொல்ல வேண்டும். "தப்பு என்னோடது, மானங். நான் உங்களத் திருடின்னு சொன்னது பெரிய தப்பு. மன்னிச்சுருங்க," என்றேன்.

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"ஒரு காய்ல எத்தன விதை இருக்கும்?"

"பதினஞ்சு, பதினாறு இருக்கும்."

"பாதி எனக்கு."

ரகம் வெளியிடும்வரை ஒரு விதைகூட நிலையத்தை விட்டு வெளியே போகக் கூடாது. விதிமுறையை எழுதி ஒட்டியதே நான்தான்; என் மேசைக்கு மேலேயே ஒட்டியிருக்கிறது. "சரி," என்றேன்.

இரண்டு வாரம் அந்த ஒரு காயோடு கிடந்தேன். கயிறு கட்டினேன், பலகை நட்டேன், டாக்டர் அக்பாயானி அந்தப் பக்கம் வந்தபோது நான் பார்த்த பார்வையில் திரும்பிப் போய்விட்டார். பதினைந்தாம் நாள் அது செம்மஞ்சளாகி வெடித்தது. சிவப்புச் சதைக்குள் பதினைந்து விதை, எல்லாம் கெட்டி. ஏழு எனக்கு வைத்துக்கொண்டேன். எட்டைக் காகிதத்தில் மடித்து, கூடவே பத்து கிலோ அரிசி மூட்டையும் வாங்கிக்கொண்டு, இரண்டு வண்டி மாறி அவர் வீட்டுக்குப் போனேன்.

அரிசியை வாசலிலேயே வைக்கச் சொன்னார், பார்க்கவில்லை. காகிதத்தைப் பிரித்து விதையை ஒவ்வொன்றாக விரலால் அமுக்கிப் பார்த்தார். எட்டையும் பார்த்து முடித்த பிறகு உள்ளே போய், அந்தச் சிவப்பு நூலை எடுத்துவந்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"இந்தாங்க, உங்க சாமான். அடுத்த தடவ இவ்ளோ இறுக்கி முடிச்சுப் போடாதீங்க, நிடா. எல்லாருக்கும் முன்னாடி ஓடிப் போனது நான்தான், அவுக்கறதுக்குள்ள அரிசி போயிருச்சு."